ஏவிஆர் சிப்பின் ஃபிளாஷ் நினைவகத்தில் நிரல் ஏற்றுதல்: கேள்வி பதில்

இந்த அமர்வுக்கு வந்த கேள்விகள் அனைத்தும் ஏவிஆர் குடும்பத்தைச் சேர்ந்த ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலரையும் (தன் ஃபிளாஷ் நினைவகத்தில் உள்ள நிரலை இயக்கும் சிப்), அதைக் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர் பலகையையும், அதன் வழியாக நிரலை எழுதும் ஏவிஆர்டியூட் என்ற மென்பொருளையும் பற்றியவை. "சிப் செத்துவிட்டது" என்று எழுதியுள்ளவர்களில் பலருடைய சிப் நல்ல நிலையில்தான் இருக்கிறது என்பது அவர்களே தந்துள்ள விவரங்களிலிருந்து தெரிகிறது. ஆகவே, எதையும் தூக்கி எறிவதற்கு முன் கீழே உள்ள பதில்களைப் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

டிப்ளமா மாணவர்: வணக்கம் ஐயா. புதிதாக வாங்கிய சிப்பைப் பிரெட்போர்டில் வைத்து, ஆறு கம்பிகளையும் சரிபார்த்து இணைத்துவிட்டேன். ஆனாலும் "டார்கெட் டஸ்ன்ட் ஆன்சர்" என்ற செய்திதான் வருகிறது. சிப் பழுதானதா?

பதில்: பழுதாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. தொழிற்சாலையிலிருந்து வரும் புதிய சிப், தனக்குள் இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்சி ஆசிலேட்டரின் வேகத்தை எட்டால் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில்தான் இயங்கும். நிரலின் பிட்டுகளைச் சிப்புக்குள் தள்ளும் எஸ்சிகே கம்பியின் வேகம், சிப்பின் கிளாக் வேகத்தில் நான்கில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது இந்தச் சிப்பின் அடிப்படை விதி. எனவே உங்கள் சிப்புக்கு 250 கிலோஹெர்ட்ஸே மேல் எல்லை. பரவலாக விற்கும் யுஎஸ்பிஏஎஸ்பி பலகைகளோ, நாம் வேகம் எதையும் குறிப்பிடாவிட்டால் 375 கிலோஹெர்ட்ஸில் பேசத் தொடங்குகின்றன. சிப் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மௌனமாக இருக்கிறது. நாம் அதைப் பழுது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

மென்பொருளில் பிட் கிளாக் என்ற இடத்தில் 10 மைக்ரோவிநாடி என்று கொடுங்கள். வேகம் ஏறத்தாழ 94 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். சில மலிவுப் பலகைகளில் உள்ள பழைய ஃபர்ம்வேர் (பலகையையே இயக்கும் நிரல்) இந்தக் கட்டளையை ஏற்காது. எஸ்சிகே வேகத்தை மாற்ற முடியவில்லை என்ற எச்சரிக்கை வந்தால், பலகையில் மெதுவான வேகத்துக்கென்றே இருக்கும் ஜம்பரை இணைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள். அங்கே ஊசிகள் பொருத்தப்படாமல் வெறும் துளைகள் மட்டும் இருந்தால், அவ்விரு துளைகளுக்கு இடையே சிறு கம்பி ஒன்றைப் பற்றவைத்தால் போதும்.

அந்தச் செய்தியின் உட்பொருளையும் அறிந்துகொள்வது நல்லது. சிப்பை மறுதொடக்க நிலையில் நிறுத்தும் ரீசெட் காலை 0 வோல்டுக்குத் தாழ்த்தி, குறைந்தது 20 மில்லிவிநாடி காத்திருந்த பிறகு, புரோகிராமர் நான்கு பைட்டுகள் கொண்ட தொடக்கக் கட்டளையை அனுப்புகிறது. அதன் இரண்டாம் பைட் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்முறை) 53. மூன்றாம் பைட் போய்க்கொண்டிருக்கும்போதே சிப் அதே 53 என்ற எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். அது வராவிட்டால் மட்டுமே இந்தச் செய்தி தோன்றும். ஆகவே வேகம், மின்சாரம், ரீசெட், மூன்று தரவுக் கம்பிகள் ஆகியவற்றைத் தவிர வேறெங்கும் தேட வேண்டியதில்லை. மின்சாரத்தைப் பொறுத்தவரை 7ஆம் காலுக்கு மட்டுமன்றி 20ஆம் காலான ஏவிசிசிக்கும் 5 வோல்ட் தர வேண்டும். 8, 22 ஆகிய இரண்டு கால்களும் கிரவுண்டுக்குச் செல்ல வேண்டும். சிப்புக்கு மிக அருகில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்க வேண்டும். பிரெட்போர்டில் செய்பவர்கள் பலர் இந்தக் கெப்பாசிட்டரைத் தேவையற்றதாக நினைக்கிறார்கள். எழுதும்போது நடுவில் தோன்றும் காரணமற்ற பிழைகள் பல அதை வைத்தவுடன் மறைந்துவிடுகின்றன.

சிறு தொழில் நடத்துபவர்: 32 கால்கள் கொண்ட சதுர வடிவச் சிப்பை வாங்கிவிட்டேன். அதை வைத்து மூடும் சாக்கெட் உள்ள அடாப்டர் பலகையும் வாங்கினேன். 28 கால் சிப்புக்குச் செய்த அதே இணைப்பைக் கொடுத்தும் சிப்பின் வகையைச் சொல்லும் எண்ணான கையொப்பத்தைப் படிக்க முடியவில்லை.

பதில்: அடாப்டர் பலகைகளில் இரண்டு வகை உண்டு என்பதுதான் இங்கே சிக்கல். ஒரு வகை, சிப்பின் 1ஆம் காலைப் பலகையின் 1ஆம் ஊசிக்கும், 2ஆம் காலை 2ஆம் ஊசிக்கும் என்று நேராகக் கொண்டுவரும் பொதுப் பலகை. மற்றொன்று, சதுரச் சிப்பின் கால்களை 28 கால் சிப்பின் வரிசைக்கு மாற்றித் தரும் பலகை. உங்களிடம் இருப்பது முதல் வகை என்றால், 28 கால் சிப்பின் எண்கள் அங்கே பொருந்தாது. நீள வடிவச் சிப்பில் மோசி (சிப்புக்குள் தரவு செல்லும் கால்) 17, மிசோ (சிப்பிலிருந்து தரவு வரும் கால்) 18, எஸ்சிகே 19, ரீசெட் 1 என்று இருக்கும். சதுரச் சிப்பில் அவையே முறையே 15, 16, 17, 29 ஆகிய கால்களில் உள்ளன. மின்சாரம் 4, 6, 18 ஆகியவற்றுக்கும், கிரவுண்டு 3, 5, 21 ஆகியவற்றுக்கும் செல்ல வேண்டும்.

உங்கள் பலகை எந்த வகை என்பதை விற்பனைப் பக்கத்தின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், சிப்பை எடுத்துவிட்டு மல்டிமீட்டரின் கன்டினியூட்டி முறையில் ஒவ்வொரு ஊசியாகத் தொட்டு, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான். அந்தத் தாள் பலகை இருக்கும் வரை பயன்படும். சிப்பின் மூலையில் உள்ள புள்ளி சாக்கெட்டின் 1ஆம் கால் அடையாளத்துக்கு நேராக இருக்கிறதா என்பதையும் மின்சாரம் தருவதற்கு முன்பே பாருங்கள்.

10 ஊசிக் கேபிளை 6 ஊசிக்கு மாற்றித் தரும் சிறிய அடாப்டரைப் பயன்படுத்துவோருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. சுற்றுச்சுவர் இல்லாத 6 ஊசித் தலைப்பில் அதைத் தலைகீழாகச் செருகினால், மின்சாரம் ரீசெட் காலுக்கும், கிரவுண்டு மிசோ காலுக்கும் சென்றுவிடும். கேபிளில் நிறக்கோடு உள்ள ஓரம்தான் 1ஆம் கம்பி.

விண்டோஸ் பயனர்: கணினி யுஎஸ்பிஏஎஸ்பியைக் கண்டுகொள்ளவே இல்லை.

பதில்: ஜாடிக் என்ற சிறு மென்பொருளைத் திறந்து, பட்டியலில் யுஎஸ்பிஏஎஸ்பியைத் தேர்ந்தெடுத்து, லிப்யுஎஸ்பிகே அல்லது லிப்யுஎஸ்பி-வின்32 டிரைவரை நிறுவுங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் விசைப்பலகையும் மவுஸும்கூடத் தோன்றலாம். தவறுதலாக அவற்றைத் தேர்ந்தெடுத்தால் அவற்றின் டிரைவர் மாறி, அவை வேலை செய்யாமல் போகும். லினக்ஸில் டிரைவர் தேவையில்லை. சாதன அனுமதிகளைக் கவனிக்கும் யூடெவ் அமைப்புக்கு விதி ஒன்றை எழுதி அனுமதி தந்தால் போதும்.

பொறியியல் கல்லூரி மாணவி: கையொப்பம் பொருந்தவில்லை என்ற செய்தி வருகிறது. கட்டாயமாக எழுதும் தேர்வு ஒன்று மென்பொருளில் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். முதலில் திரையில் வந்த எண் என்ன என்று பாருங்கள். ஏடிமெகா328பியின் கையொப்பம் ஹெக்ஸில் 1ஈ 95 0எஃப். கடைசியில் 'பி' இல்லாத ஏடிமெகா328க்கு அது 1ஈ 95 14. 'பிபி' என்று முடியும் சிப்புக்கு 1ஈ 95 16. கடைகளில் இவை ஒன்றுக்கு ஒன்று பதிலாகத் தரப்படுவது உண்டு. அப்படியானால் மென்பொருளின் பட்டியலில் சரியான சிப்பைத் தேர்ந்தெடுத்தாலே சிக்கல் தீரும். மாறாக, மூன்று பைட்டுகளும் 00 என்றோ, மூன்றும் எஃப்எஃப் என்றோ வந்தால் மிசோ கம்பி எங்கோ விட்டிருக்கிறது அல்லது ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வேறு வேறு எண் வந்தால் கிரவுண்டு இணைப்பு தளர்ந்திருக்கலாம் அல்லது கம்பிகள் அளவுக்கு மீறி நீளமாக இருக்கலாம். இந்த நிலையில் கட்டாயமாக எழுதுவது, தவறான எண்ணை ஃபியூஸிலும் (சிப்பின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் பிட்டுகள்) பதித்துவிடும் ஆபத்தை உடையது. மும்முறை படித்து மும்முறையும் ஒரே சரியான கையொப்பம் வந்த பின்னரே எழுதும் பொத்தானைத் தொட வேண்டும் என்பதை ஒரு கட்டுப்பாடாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பொழுதுபோக்காக மின்னணுவியல் பயில்பவர்: இணையத்தில் பார்த்த ஃபியூஸ் எண்ணை எழுதினேன். அதற்குப் பிறகு சிப் எதற்கும் பதில் தரவில்லை. மீட்க வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. எந்த ஃபியூஸ் மாறியது என்பதைப் பொறுத்து வழி வேறுபடும். ஏவிஆர் சிப்பில் ஃபியூஸ் பிட் 0 என்றால் 'இயக்கப்பட்டது', 1 என்றால் 'இயக்கப்படவில்லை'. வழக்கத்துக்கு நேர்மாறான இந்த முறைதான் பலரைத் தடுமாறச் செய்கிறது. புதிய சிப்பின் தாழ் ஃபியூஸ் ஹெக்ஸ் 62. உயர் ஃபியூஸ் டி9.

தாழ் ஃபியூஸில் எஃப்எஃப் என்று எழுதியிருந்தால், சிப் வெளிக் கிரிஸ்டலுக்காகக் காத்திருக்கிறது. 9, 10 ஆகிய கால்களுக்கு இடையே 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை வைத்து, இரண்டு பக்கமும் 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாகக் கிரவுண்டுக்கு இணைத்தால் அது உடனே பேசும். வெளியிலிருந்து நேரடிக் கிளாக் துடிப்பை எதிர்பார்க்கும்படி ஃபியூஸ் மாறியிருந்தால் கிரிஸ்டல் உதவாது. வேறொரு அர்டுயினோ பலகையிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலை ஒன்றை உருவாக்கி 9ஆம் காலில் தந்துகொண்டே ஃபியூஸைத் திருத்த வேண்டும். 128 கிலோஹெர்ட்ஸ் உள் ஆசிலேட்டர் தேர்வாகியிருந்தால் எஸ்சிகே வேகத்தை 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். இம்மூன்றில் எது என்று நினைவில்லாவிட்டால், 9ஆம் காலில் துடிப்பைத் தந்துகொண்டே எஸ்சிகே வேகத்தையும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள். மூன்றில் பெரும்பாலானவற்றுக்கு அது சேர்ந்தே பதிலாகிவிடும்.

உண்மையில் கடினமானது ரீசெட் காலைச் சாதாரணக் காலாக மாற்றும் ஃபியூஸ்தான். அதன் பிறகு இந்தப் புரோகிராமரால் சிப்புக்குள் நுழையவே இயலாது. ரீசெட் காலில் 12 வோல்ட் தந்து, தரவை இணையாக அனுப்பும் உயர் மின்னழுத்தப் புரோகிராமர் தேவைப்படும். இன்னொரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும்: தொடர்முறை நிரலேற்றத்தை (இந்தப் புரோகிராமர் செய்வதுபோல் பிட் பிட்டாக அனுப்பும் முறை) முடக்கும் ஃபியூஸை அதே தொடர்முறை வழியாக மாற்ற முடியாதபடி சிப்பை வடிவமைத்தவர்கள் தடுத்து வைத்திருக்கிறார்கள். எனவே அந்தத் தவறு உங்களிடம் நேர்ந்திருக்காது.

இனிமேல் எண்களை நேரடியாக எழுதாதீர்கள். ஏவிஆர்டியூடுக்கு வரைகலை முகமாக அமைந்த ஏவிஆர்டியூடெஸ் மென்பொருளில், பிட்டுகளைத் தனித்தனியே பெயரோடு காட்டும் சாளரம் உள்ளது. தற்போதைய ஃபியூஸைப் படித்து, மாற்ற வேண்டிய ஒரு பிட்டை மட்டும் அங்கே மாற்றுங்கள்.

பழுதுபார்க்கும் கடை நடத்துபவர்: பழைய இயந்திரம் ஒன்றின் சிப்பிலிருந்து நிரலைப் படித்துப் புதிய சிப்பில் ஏற்ற நினைத்தேன். படித்த கோப்பில் பொருளற்ற எண்களே உள்ளன.

பதில்: நிரலைப் பிறர் படிக்காமல் பூட்டும் லாக் பிட்டுகள் இடப்பட்டுள்ளன. அவற்றை நீக்க ஒரே வழி சிப்பை முழுவதும் அழிப்பது. அழிக்கும்போது ஃபிளாஷில் உள்ள நிரல் முதலில் போய், அதன் பின்னரே பூட்டு திறக்கும். ஆகவே அழிக்கும் பொத்தானை அழுத்தாமல் அந்தச் சிப்பை அப்படியே வைத்துவிட்டு, இயந்திரத்தைச் செய்தவரிடம் நிரல் ஏற்றிய சிப்பைக் கேளுங்கள். பூட்டு இல்லாத சிப்பாக இருந்தால், எதையும் தொடும் முன் ஃபிளாஷ், ஈப்ராம் (அமைப்பு எண்களைச் சேமிக்கும் தனி நினைவகம்), மூன்று ஃபியூஸ்கள் ஆகிய அனைத்தையும் படித்துக் கோப்புகளாகச் சேமியுங்கள். ஃபிளாஷை மட்டும் நகலெடுத்து, ஈப்ராமில் இருந்த அமைப்புகளை விட்டுவிடுபவர்கள் மிகப் பலர்.

எடைக் கருவி தயாரிப்பவர்: நிரலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஈப்ராமில் சேமித்த அளவுத்திருத்த எண்கள் அழிந்துவிடுகின்றன.

பதில்: ஃபிளாஷில் எழுதும்போது ஒரு பிட்டை 1இலிருந்து 0ஆக மட்டுமே மாற்ற முடியும், 0ஐ மீண்டும் 1 ஆக்க அழிக்க வேண்டும். அதனால்தான் புதிய நிரலை ஏற்றும் முன் மென்பொருள் முழுச் சிப்பையும் அழிக்கிறது. அந்த அழிப்பில் ஈப்ராமும் சேர்ந்து போகிறது. உயர் ஃபியூஸில் ஈஈசேவ் என்ற பிட்டை இயக்கினால் ஈப்ராம் தப்பிவிடும். டி9 என்பது டி1 ஆகும். இதோடு மின்னழுத்தம் 2.7 வோல்டுக்குக் கீழே இறங்கினால் சிப்பை நிறுத்தி வைக்கும் பிரவுன்-அவுட் அமைப்பையும் இயக்குங்கள். மின்சாரம் தள்ளாடும்போது ஈப்ராமில் தவறான எண் பதிவதை அது பெருமளவு தடுக்கும். எடைக் கருவியில் இந்த எண்கள் கெட்டுப்போனால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இழப்பு என்பதால், இதைக் கட்டாயமாகவே செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

அர்டுயினோ பயனர்: யூனோ பலகையில் இந்தப் புரோகிராமரால் எழுதிய பிறகு யுஎஸ்பி கேபிள் வழியாக நிரல் ஏறவில்லை.

பதில்: ஃபிளாஷின் கடைசி 512 பைட்டுகளில் இருந்த, யுஎஸ்பி கேபிள் வழியாக வரும் நிரலை ஏற்றும் பூட்லோடர் அழிந்துவிட்டது. அர்டுயினோ மென்பொருளில் புரோகிராமராக யுஎஸ்பிஏஎஸ்பியைத் தேர்ந்தெடுத்து 'பர்ன் பூட்லோடர்' கொடுத்தால் திரும்பிவிடும்.

முதலாமாண்டு மாணவர்: அடிக்கடி எழுதினால் சிப் தேய்ந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஃபிளாஷுக்கு 10,000 முறையும் ஈப்ராமுக்கு 1,00,000 முறையும் அழித்து எழுதும் ஆயுள் உண்டு என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். நாளொன்றுக்கு 20 முறை நிரல் ஏற்றினாலும் ஃபிளாஷின் அந்த எல்லையைத் தொட 500 நாட்கள் ஆகும். கவலைப்பட வேண்டியது உங்கள் நிரலுக்குள் இருக்கும் ஈப்ராம் கட்டளையைப் பற்றித்தான். ஒரே இடத்தில் விநாடிக்கு ஒரு முறை எழுதும் நிரல், 28 மணி நேரத்துக்குள் 1,00,000 முறை எழுதி முடித்துவிடும். மதிப்பு மாறியிருந்தால் மட்டும் எழுதும்படி நிரலை அமையுங்கள்.

தரவுப் பதிவுக் கருவி செய்பவர்: எஸ்டி அட்டை பொருத்திய பலகையில் நிரல் ஏறுவதில்லை, அட்டையை எடுத்துவிட்டால் ஏறுகிறது.

பதில்: அட்டையும் அதே மோசி, மிசோ, எஸ்சிகே கம்பிகளில்தான் இருக்கிறது. ரீசெட் தாழ்ந்திருக்கும்போது சிப்பின் கால்கள் எதையும் கட்டுப்படுத்தாமல் மிதப்பதால், தன்னைப் பேச அழைக்கும் தேர்வுக் கால் தாழ்ந்துவிட்டதாக அட்டை எடுத்துக்கொண்டு மிசோ கம்பியில் தானும் பேசுகிறது. அட்டையின் தேர்வுக் காலை 10 கிலோஓம் மின்தடை வழியாக 3.3 வோல்டுக்கு இழுத்து வையுங்கள். அதைவிட முக்கியமானது மின்னழுத்தம்: எஸ்டி அட்டை 3.6 வோல்டுக்கு மேல் தாங்காது. யுஎஸ்பிஏஎஸ்பியில் உள்ள 3.3 வோல்ட் ஜம்பர் பல பலகைகளில் சிப்புக்குச் செல்லும் மின்சாரத்தை மட்டுமே மாற்றுகிறது. தரவுக் கம்பிகளில் 5 வோல்டே வந்துகொண்டிருக்கும். மோசி, எஸ்சிகே கம்பிகளை மல்டிமீட்டரில் அளந்து பார்த்து உறுதி செய்யும் வரை, அட்டையை எடுத்துவிட்டே நிரல் ஏற்றுங்கள்.