ஹைட்ரஜன் தண்ணீரும் மாமனாரும்

வணக்கம் சார்,
என் மாமனார் பெரிய தொகை கொடுத்து ஹைட்ரஜன் தண்ணீர் மெஷின் வாங்கியிருக்கிறார். ஹைட்ரஜன் வாயு கரைந்த அந்தத் தண்ணீர் செல்லுக்குள் போய், செல்லைச் சேதப்படுத்தும் ரேடிக்கல்களை அழிக்குமாம், 'ஜப்பான்காரன் நிரூபிச்சுட்டான்' என்கிறார். பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா என்றும் யோசிக்கிறார். ஹைட்ரஜன் செல்லுக்குள் உண்மையில் என்ன செய்கிறது?
சு.

அன்புள்ள சு.,

விற்றவர் முழுப் பொய் சொல்லவில்லை, அதுதான் சிக்கல். 2007இல் ஜப்பானில் ஷிகியோ ஓட்டாவின் குழு, மூளைக்கு ரத்தம் தடைபட்டு மீண்டும் பாய்ந்த எலிகளை ஹைட்ரஜன் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்துப் பார்த்தது. மூளைச் சேதம் குறைந்தது. ஹைட்ராக்சில் ரேடிக்கல் போன்ற முரடர்களை மட்டும் ஹைட்ரஜன் பிடிக்கிறது, செல்லுக்கு வேண்டிய மற்றதை விட்டுவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம்.

எனக்கு இடிப்பது இங்கேதான். ஹைட்ராக்சில் ரேடிக்கல் பக்கத்தில் எது இருந்தாலும் பாய்கிற ஜாதி. புரதம், கொழுப்பு, சர்க்கரை என்று செல்லுக்குள் நெருக்கியடித்து நிற்கிற மூலக்கூறுகள் பலவற்றோடு அது வினைபுரியும் வேகத்தில் நூறில் ஒரு பங்குதான் ஹைட்ரஜனோடு, அதுவும் இருப்பதோ கொஞ்சூண்டு ஹைட்ரஜன், அப்புறம் எப்படி அது முந்திப் போய்ப் பிடிக்கும்? பலன் நிஜம் என்றால் அது வேறு வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் மிகச் சிறிய மூலக்கூறு, செல்லின் சவ்வைத் தாண்டி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா வரை போகும், சரி. ஆனால் போன இடத்தில் அதை எரித்துப் பயன்படுத்தும் ஹைட்ரஜனேஸ் என்சைம் நம் செல்களில் இல்லை.

அந்த என்சைம் வைத்திருப்பவர் யார் தெரியுமா? வயிற்றுப்புண் தரும் ஹெலிகோபாக்டர் பைலோரி! அது ஹைட்ரஜனை எரிபொருளாக்கி வாழ்கிறது என்று 2002இல் ஓல்சனும் மேயரும் காட்டினார்கள். (இந்தத் தண்ணீர் குடித்தால் புண் வரும் என்று நான் சொல்லவில்லை.) அந்த ஹைட்ரஜனும் வெளியிலிருந்து வருவதல்ல, நம் குடல் பாக்டீரியா உண்டாக்குவது. சுண்டல் சாப்பிட்ட அன்று மாமனார் வயிற்றிலேயே ஒரு மெஷின் ஓடுகிறது. பால் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கக்கூட மூச்சில் வரும் ஹைட்ரஜனைத்தான் அளக்கிறார்கள். சாதாரண அழுத்தத்தில் 1 லிட்டர் தண்ணீரில் கரைவதோ அதிகபட்சம் 1.6 மில்லிகிராம், அதுவும் திறந்து வைத்தால் பறந்துவிடும்.

ஜப்பானில் மனிதர்களிடமும் பார்த்தார்கள். இதயம் நின்று மீண்ட 73 பேரில் ஒரு பாதிக்கு 2 சதவீத ஹைட்ரஜன் கலந்த ஆக்சிஜன் 18 மணி நேரம். 90 நாள் கழித்து அதில் 85 சதவீதம் பேர் உயிரோடு, மற்ற குழுவில் 61. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கோவிட் காலத்தில் ஆய்வு பாதியில் நின்றது, அவர்கள் முதன்மையாக அளக்க நினைத்த மூளைச் செயல்பாட்டில் உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. தவிர, அது ஐசியூவில் கொடுத்த வாயு, சமையலறையில் பிடித்த தண்ணீர் இல்லை.

பில் இருந்தால் திருப்பிக் கொடுக்க முடியுமா பாருங்கள். இல்லையா, குடிக்கட்டும், தண்ணீர்தானே. பிரஷர் மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த விடாதீர்கள்.