பன்னிரண்டில் கேது இருந்தால் ஞானம் உறுதியா?

கேள்வி: எனக்கு வயது 39, மேஷ ராசி. சில ஆண்டுகளாகத் தியானம் செய்து வருகிறேன். அண்மையில் ஜாதகம் பார்த்த சோதிடர், "ஏழரைச் சனி தொடங்கிவிட்டது, இரண்டரை ஆண்டுக்கு வேலை மாறக் கூடாது, ஆனால் லக்னத்துக்குப் பன்னிரண்டில் கேது இருப்பதால் உங்களுக்கு ஞானம் உறுதி" என்றார். வந்திருக்கும் புதிய வேலையை மறுத்துவிடலாமா? எல்லாம் முன்பே எழுதப்பட்டதென்றால் நான் தியானத்தில் உட்காருவது எதற்கு? (கோவை வாசகர்)

பதில்: வேலையை முதலில் எடுத்துக்கொள்வோம். சனி வானத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆவதால், ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டு என்ற கணக்கில், ஜென்ம ராசிக்குப் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு ஆகிய இடங்களை அது கடக்கும் காலத்தை ஏழரை என்கிறோம். அப்படியானால் எந்த நாளிலும் பன்னிரண்டு ராசிகளில் மூன்று ஏழரையில்தான் இருக்கும். அந்த ராசிக்காரர்கள் எல்லோரும் வேலை மாறாமலா இருக்கிறார்கள்? மேலும், சனி மீனத்துக்குப் பெயர்ந்து உங்கள் ராசிக்கு ஏழரை தொடங்கியது இக்கால வானியல் கணக்கைக் கொள்ளும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29 அன்று; பழைய வாய்பாடுகளைக் கொள்ளும், திருநள்ளாறு பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படியோ 2026 மார்ச்சில்தான். ஏறக்குறைய ஓராண்டு உங்களுக்கு ஏழரை நடந்ததா இல்லையா என்பதைச் சோதிடர் கையிலிருக்கும் பஞ்சாங்கமே முடிவு செய்கிறது. கோசாரத்தை (கோள்களின் இப்போதைய நகர்வை) மட்டும் வைத்துப் பலன் சொல்லக் கூடாது, தசாபுத்தியையும் (பிறந்த நட்சத்திரத்தை வைத்துக் கணக்கிடும் கோள்களின் ஆட்சிக்காலங்களையும்) சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தச் சாத்திரத்தின் விதியே.

பலன் எந்த அளவுக்குப் பலிக்கும் என்பது வேறு கேள்வி. வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர் குழுவினர் 2008-இல் மகாராட்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினர். படிப்பில் சிறந்த பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, ஆளுக்கு நாற்பதாகச் சோதிடர்களுக்கு அனுப்பிப் பிரித்துத் தரச் சொன்னார்கள். விடையனுப்பிய 27 பேரின் சராசரி 46 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டாலே பாதி சரியாக வந்திருக்கும். ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், ஆனால் பிழைப்பை அதன் ஒரு வரியில் தொங்கவிடுவதற்கு இது போதுமான சான்றல்ல.

சரி, ஜாதகம் மெய்யென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது எதைச் சொல்லக்கூடியது? சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பிரிக்கிறது. பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென்று வந்த பங்கு பிராரத்தம். அதை நுகரும்போதே நாம் புதிதாக ஈட்டுவது ஆகாமியம். ஜாதகம் காட்டுவதாகச் சொல்லப்படுவது பிராரத்தத்தை மட்டுமே. வேலை போவது பிராரத்தமாக இருக்கலாம்; போன வேலைக்காக யாரைச் சபித்தீர்கள், யாருக்கு உதவினீர்கள் என்பது ஆகாமியம், அதற்குக் கட்டம் கிடையாது.

பன்னிரண்டாம் இடம் மோட்ச ஸ்தானம், கேது ஞானகாரகன் என்பது உண்மைதான். அதே பன்னிரண்டாம் இடம் விரயத்துக்கும் சயன சுகத்துக்கும் உரியது என்பதை உங்கள் சோதிடர் ஏனோ சொல்லவில்லை. கேது ஒரு ராசியில் ஒன்றரை ஆண்டு நிற்கிறது. லக்னமோ, அதாவது பிறக்கும் நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசியோ, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக ஒரே நாளில் பன்னிரண்டு ராசிகளையும் சுற்றிவிடுகிறது. ஆகவே நாள்தோறும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் பன்னிரண்டில் கேதுதான். பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு ஞானம் உறுதி என்றால் நம் தெருக்கள் இப்படியா இருக்கும்!

ஞானத்துக்குச் சித்தாந்தம் சொல்லும் வழி இருவினையொப்பு, மலபரிபாகம் (ஆணவ மலம் நீங்கும் பக்குவம் அடைவது), சத்திநிபாதம் (இறையருள் பதிவது) என்பது. நல்வினைப் பயனில் விருப்பும் தீவினைப் பயனில் வெறுப்பும் இல்லாமல் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் நிலையே இருவினையொப்பு. ஏழரை என்று கேட்டதும் கலங்கினீர்கள், கேது என்று கேட்டதும் மகிழ்ந்தீர்கள் அல்லவா? தியானத்துக்கு வேலை இருப்பது அங்கேதான்.

"எல்லாம் எழுதப்பட்டதா" என்பதற்கு நானறிந்தவற்றில் மிகக் கடுமையான பதில் ரமண மகரிஷியுடையது. 1898 டிசம்பரில் திருவண்ணாமலைப் பவளக்குன்றில், வீடு திரும்பும்படி தாய் அழகம்மாள் அழுது மன்றாடியபோது, வாய் திறவாமல் இருந்த அவர், அருகிலிருந்தவர் கொடுத்த தாளில் பென்சிலால் எழுதினார்: "என்றும் நடவாதது என் முயற்சிக்கினும் நடவாது, நடப்பது என் தடை செய்யினும் நில்லாது." (அந்தத் தாய் 1916-இல் மகனிடமே வந்து சேர்ந்து, இறுதிவரை அங்கேயே இருந்தார்.) ஆனால் உடலின் செயல்கள் பிராரத்தத்துக்கு உட்பட்டாலும், அந்த உடலே நான் என்று கொள்ளாமலிருக்கும் சுதந்திரம் மனிதனுக்கு எப்போதும் உண்டு என்றும் அவர் விளக்கினார். விதி வெல்லுமா மதி வெல்லுமா என்ற விவாதம், இரண்டுக்கும் மூலமான தன்னை அறியாதவர்க்கே என்கிறது அவர் இயற்றிய உள்ளது நாற்பதின் 19-ஆம் பாட்டு. சித்தாந்தத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஆயினும் தியானத்தில் உட்காரும் அந்த இடத்துக்கு ஜாதகம் எட்டாது என்பதில் இரண்டும் ஒன்றே.

எனவே புதிய வேலையைச் சம்பளம், நிறுவனத்தின் நிலை, பயண தூரம், காலையில் தியானத்துக்கு மிஞ்சும் நேரம் ஆகியவற்றை வைத்து முடிவு செய்யுங்கள். மனம் கேட்கவில்லையென்றால், கோள் நிலை சரியில்லை என்று அப்பர் தடுத்தபோது சம்பந்தர் பாடிவிட்டு மதுரைக்குப் புறப்பட்ட கோளறு பதிகத்தை ஓதலாம். பதினொரு பாட்டுகள்தான், செலவில்லை. திருநள்ளாறு போவதும் நல்லதே. பரிகாரத்துக்கென்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டாம்.