எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் முதுகு வலிக்கிறது

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. சத்துவாச்சாரியில் 3 ஆண்டுகளாகப் பளுதூக்கும் பயிற்சி பெறுகிறான். 6 வாரங்களாகக் கீழ்முதுகில் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான் என்றார்கள். அடுத்த மாதம் போட்டி. ஊசி போட்டுக்கொண்டு இறங்கலாம், நம் ஊர்ப் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கமே தொடைக் காயத்தோடு தங்கம் வென்றாரே என்று உடன் பயில்பவர்கள் சொல்கிறார்கள். எடைப்பிரிவு மாறிவிடக் கூடாது என்று இரவுச் சாப்பாட்டையும் குறைத்துவிட்டான். என்ன செய்வது? (ஒரு தந்தை, வேலூர்)

பதில்: இந்தப் போட்டியை விட்டுவிடுங்கள். வளரும் வயதில் பளு தூக்கும் ஒருவருக்கு 6 வாரம் நீடிக்கும் கீழ்முதுகு வலியை, வேறு காரணம் உறுதியாகும் வரை, எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசலாகவே கருதிப் பரிசோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முள்ளெலும்பின் பின்புற வளையத்தில் ஒடுங்கிய பாலம் போன்ற பகுதி ஒன்று உண்டு. தோளிலிருந்து பளுவை உந்தித் தூக்கும் ஜெர்க் முறையில் அதைத் தலைக்கு மேலே நிறுத்தும்போது இடுப்பு பின்னோக்கி வளைந்தால் சுமை அந்தப் பாலத்தின் மீது விழுகிறது. இது நாள்தோறும் நிகழ, முழுமையாக முற்றாத எலும்பு மெல்ல விரிசல் விடுகிறது. ஸ்பாண்டிலோலிசிஸ் எனப்படும் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் இடுப்புப் பகுதியின் 5ஆவது முள்ளெலும்பில்தான் வரும். குனியும்போது இருப்பதைவிடப் பின்னால் சாயும்போது வலி கூடுகிறதா என்று மகனிடம் கேளுங்கள். கூடினால் சந்தேகம் வலுக்கிறது.

தொடக்கநிலை விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு உடைவதற்கு முன்பே அதனுள் நீர் கோத்து ஏற்படும் வீக்கத்தை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும், கதிர்வீச்சும் இல்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் எலும்பியல் பிரிவிலோ சி.எம்.சி.யிலோ காட்டும்போது, எத்தனை வாரமாக வலி, எந்த அசைவில் வலி, வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். இந்த நிலையிலேயே கண்டறிந்தால், ஏறத்தாழ 3 மாத ஓய்வும் வயிறு, இடுப்புத் தசைகளை வலுப்படுத்தும் இயன்முறைப் பயிற்சியும் பெரும்பாலோருக்குப் போதும். கவனிக்காமல் தொடர்ந்து பளு தூக்கினால் இருபுறமும் விரிசல் விட்டு, முள்ளெலும்பு முன்னோக்கி நழுவக்கூடும்.

சதீஷ் சிவலிங்கம் 2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கம் வென்றது நம் ஊருக்கே பெருமை. ஆனால் அப்போது அவருக்கு 25 வயது, காயம் தசையில் இருந்தது. முதுகெலும்பு விரிசலோடு இருக்கக்கூடிய சிறுவனுக்கு அதை உதாரணமாகக் காட்டுவது பொருந்தாது.

ஊசி என்பது எந்த மருந்து என்று கேட்டீர்களா? ஸ்டீராய்டு வகையான குளுக்கோகார்ட்டிகாய்டுகளை எந்த வழியில் ஊசியாகச் செலுத்தினாலும் ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி 2022 முதல் போட்டிக்காலத்தில் தடை உண்டு. டிரமடால் என்ற வலிநிவாரணியும் 2024 முதல் போட்டிக்காலத்தில் தடை செய்யப்பட்டுள்ளது. டைக்ளோபினாக் என்ற வலிநிவாரணிக்குத் தடை இல்லை. என்றாலும் அது வலியை மறைத்து விரிசலின் மீது மேலும் சுமையேற்ற வழி செய்யும். எடையைக் குறைக்கத் தண்ணீரையும் தவிர்த்திருந்தால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இரவுச் சாப்பாடு பற்றிய வரிதான். செலவாகும் ஆற்றலுக்கு ஏற்ற உணவு இல்லையென்றால் உடல் எலும்பைப் புதுப்பிக்கும் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. முன்பு இது பெண்களின் பிரச்சினையாகவே பேசப்பட்டது. ஆண்களுக்கும் உண்டு என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் தெளிவாக எடுத்துரைத்தது. வளரும் பிள்ளையின் எடை கூடத்தான் வேண்டும், எடைப்பிரிவும் மாறத்தான் வேண்டும். முட்டை, பால், நிலக்கடலை கொடுங்கள். நம் வீட்டுக் கேழ்வரகுக் களியும் நல்லது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாலைக் காய்ச்சல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காரணமில்லாத எடையிழப்பு இருந்தால் முதுகெலும்புக் காசநோய்க்கான சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கால் பலவீனம், தொடைகளுக்கு இடையே மரத்துப்போதல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஓய்வுக் காலத்தில் அவனைப் பயிற்சிக்கூடத்துக்கு வரவேண்டாம் என்று தடுக்காதீர்கள். 3 மாதம் நண்பர்களைப் பிரிந்து வீட்டில் இருக்கும் பிள்ளை, விளையாட்டு ஒதுக்கீட்டுக் கல்லூரி இடம் போய்விடுமோ என்று தனியே அஞ்சி, வலி குறையும் முன்பே ரகசியமாகப் பளுவைத் தொடுவான். மருத்துவர் எழுதித் தரும் பயிற்சித் தாளை அவனுடைய பயிற்சியாளரிடம் நீங்களே கொடுத்து, அந்தப் பயிற்சிகளை அவர் கண்ணெதிரிலேயே செய்ய ஏற்பாடு செய்யுங்கள்.