கோடரி விழும்போது கமரா எங்கே நிற்கும்?

கேள்வி: கொக்குவிலில் இருந்து குறும்படம் எடுக்கிறவன் நான். எங்களூர் எழுத்தாளர் ஒருவரின் நாவலைப் படமாக்கக் கேட்டேன், அவர் ஓம் என்றுவிட்டார். லீசிங் கொம்பனி முகாமையாளன் ஒருவன், தன்னைவிடப் பெரிய வீடு கட்டுகிறவர்களைக் கொல்கிற அங்கதக் கதை. கொலைகளைக் குறைத்தால் நாவலுக்குத் துரோகம் என்கிறான் நண்பன். ‘மாமா கனடாவிலிருந்து அனுப்பின காசில இதையோ எடுக்கப்போறாய்?’ என்கிறா அம்மா. எவ்வளவு காட்டலாம்?

பதில்: தம்பி, அம்மாவிடம் கடைசியில் வருகிறேன். இதே சிக்கலில் மாட்டித் தப்பிய படம் ஒன்று இருக்கிறது, ‘அமெரிக்கன் சைக்கோ’. நியூயோர்க் வங்கிக்காரன் ஒருவன் கொலைகள் செய்கிற அங்கதக் கதை. பிரெட் ஈஸ்டன் எல்லிஸின் அந்த நாவலை, வெளியிட எடுத்த பதிப்பகமே எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட, 1991இல் வேறொன்று வெளியிட்டது. சில பக்கங்களை என்னால் வாசித்து முடிக்க முடியவில்லை. 2000இல் படமாக்கிய மேரி ஹரனும், கூட எழுதிய குவினவேர் டர்னரும் அவற்றில் பெரும்பகுதியை எடுக்கவே இல்லை.

கோடரிக் காட்சியைப் பாருங்கள். தரையில் பத்திரிகை விரித்து, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு பாட்டுக் குழுவைப் பற்றி விரிவுரை நடத்துகிறான் நாயகன். வெட்டு விழும்போது விழுந்தவனை நாங்கள் காண்பதில்லை. வெட்டியவனின் முகத்தில் தெறிக்கிறது, அவ்வளவுதான். அதைவிட எனக்குப் பிடித்தது விசிட்டிங் கார்ட் காட்சி. இன்னொருவனின் அட்டை தன்னுடையதைவிட வடிவு என்று கண்டதும் இவனுக்கு வேர்க்கிறது. ஒரு சொட்டு இரத்தமில்லை. ஏன் கொல்கிறான் என்பது விளங்கிவிடுகிறது. (அமெரிக்கத் தணிக்கையாளர்கள் முதலில் முரண்டு பிடித்தது ஒரு படுக்கைக் காட்சிக்கு, கொலைகளுக்கு அல்ல. அது தனி அங்கதம்.)

உங்களுக்கு அந்த அட்டை, தரை ஓடு. உங்கள் முகாமையாளன் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போகிறான். செருப்பைக் கழற்றி வெறுங்காலை வைக்கிறான், சில்லென்கிறது. தன் வீட்டு ஓடு இரண்டடிக்கு இரண்டடி, இது நாலடிக்கு இரண்டடி. கையில் பலகாரத் தட்டோடு, ‘எங்க வாங்கினனீங்கள்?’ என்று சிரிக்கிறான். கமரா அந்தக் காலைவிட்டு அசையக் கூடாது.

எங்கள் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. முன்வரிசையில் இருக்கப்போகிற ஐம்பது வயதுக்காரர் போர்க்காலத்தில் பங்கருக்குள் கிடந்து எழும்பியவர். சிவப்புச் சாயத்தை வாளியால் ஊற்றினாலும் பயப்பட மாட்டார், எழும்பிப் போய்விடுவார். பின்வரிசைப் பொடியன்கள் விசிலடிப்பார்கள். ‘அமெரிக்கன் சைக்கோ’ நாயகனையே வீரனாக்கி இணையத்தில் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு கவனமாக எடுத்த படத்துக்கே அந்தக் கதி.

எழுத்தாளரின் ‘ஓம்’ வாய்ச்சொல்தான் என்றால் இன்றைக்கே எழுத்தில் வாங்குங்கள். எதையெல்லாம் வெட்டப்போகிறீர்கள் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அம்மா. குடிபூரல் காட்சியை மட்டும் போனிலேயே எடுத்து அவவுக்குக் காட்டுங்கள். ‘உது எங்கட பெரியப்பா வீட்டு ஓடெல்லே!’ என்று சிரித்தா என்றால், மாமாவின் காசில் கை வைக்கலாம்.