வெறும் கம்பியில இருந்து ஆரம்பிங்க

கேள்வி: சார், எனக்கு 38 வயசு, இதுவரைக்கும் ஜிம் பக்கமே போனதில்ல. ரெண்டு பக்கமும் எடை மாட்டித் தூக்கற நீளக் கம்பி, அந்த பார்பெல் கத்துக்கணும்னு ரொம்ப ஆசை, ஆனா அத தரையில இருந்து தூக்கி நிமிர்ற டெட்லிஃப்ட் பண்றவங்கள பாத்தாலே முதுகு போயிடுமோன்னு பயமா இருக்கு. வெயிட் தூக்கினா உடம்பு ஆம்பள மாதிரி ஆயிடும்னு வீட்ல வேற சொல்றாங்க. எப்படி ஆரம்பிக்கறது?

பதில்: வீட்ல சொல்றத முதல்ல ஓரமா வைங்கம்மா. பெண்களுக்கு தசைய வளக்கற டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் ஆண்கள விட பத்து மடங்குக்கும் மேல கம்மி. மேடையில பாக்கற பாடிபில்டர் பெண்கள் அந்த உடம்புக்காக பல வருஷம் சாப்பாட்டையும் பயிற்சியையும் அதுக்குன்னே கட்டுப்படுத்தி வச்சிருக்காங்க, வாரம் மூணு நாள் ஸ்குவாட், அதாவது கம்பிய தோள்ல வச்சு உக்காந்து எந்திரிக்கறது, பண்றவங்களுக்கு அது தெரியாத்தனமா வந்துடாது. உங்களுக்கு வரப்போறது வேற, மாடிப்படி ஏறுறப்ப மூச்சு வாங்காது, தூங்கிப்போன குழந்தைய தூக்கிட்டு நடக்கறப்ப இடுப்பு பிடிக்காது, எலும்புக்கு லோடு கிடைச்சா அதுவும் வலுவாகும், மாதவிடாய் நிக்கற வயசுக்கு அப்புறம் எலும்பு வேகமா தேயும்ங்கறதால இப்பவே சேத்து வைக்கறது நல்லது.

முதுகு விஷயத்துக்கு வருவோம். பெரிய பார் வெறும் கம்பியே 20 கிலோ, பெண்களுக்கான பார் 15 கிலோ, அதுவும் ஜாஸ்தின்னா லேசான டிரெய்னிங் பார் கேளுங்க, கூச்சமே வேணாம். டெட்லிஃப்ட்ல கம்பி உங்க பாதத்தோட நடுப்பகுதிக்கு நேர் மேல இருக்கணும், கால ஒட்டிக்கிட்டேதான் மேல வரணும். அது முன்னாடி தள்ளிப் போகப்போக அதே எடையே கீழ் முதுக அதிகமா இழுக்கும், வலின்னு வர்றவங்க பல பேர்கிட்ட நான் பாக்கறது இதத்தான். தூக்கறதுக்கு முன்னாடி காத்த வயித்துக்குள்ள ஆழமா இழுத்து, யாரோ குத்த வர்ற மாதிரி வயித்த இறுக்கிட்டு, ஒரு ரெப், அதாவது ஒரு தடவை தூக்கி இறக்கறது, முடிஞ்சப்புறம் மூச்ச விடுங்க. பிபி இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க, மூச்ச பிடிக்கறப்ப பிரஷர் கொஞ்ச நேரம் நல்லா ஏறும்.

ஸ்குவாட், பெஞ்ச்ல படுத்து கம்பிய நெஞ்சுல இருந்து மேல தள்ற பெஞ்ச் பிரஸ், நின்னுக்கிட்டு தலைக்கு மேல தள்ற ஓவர்ஹெட் பிரஸ், டெட்லிஃப்ட், இந்த நாலு போதும். ஸ்குவாட்டும் பிரஸ்ஸும் அஞ்சு ரெப் விடாம பண்ணா ஒரு செட், அப்படி மூணு செட், டெட்லிஃப்டுக்கு ஒரே ஒரு கனமான செட். ஃபார்ம், அதாவது தூக்கற முறை, கலையாம முடிச்சீங்கன்னா அடுத்த தடவை 2.5 கிலோ கூட்டுங்க, ஓவர்ஹெட் பிரஸ்ல அது சீக்கிரமே முடியாம போகும், அப்ப 1 கிலோ, அரை கிலோன்னு கம்பில மாட்டற சின்ன எடைத் தட்டு, அந்த பிளேட் தேடுங்க. முதல் சில வாரம் கண்ணாடில ஒண்ணும் தெரியாது ஆனா எடை மட்டும் ஏறிட்டே போகும், ஏன்னா தசை வளர்றதுக்கு முன்னாடி நரம்புதான் இருக்கற தசைய முழுசா வேலை வாங்க கத்துக்குது. அதனாலதான் இத நீச்சல் மாதிரி ஒரு திறமையா நெனச்சு பழகச் சொல்றேன். மெத்து மெத்துன்னு இருக்கற ஓட்டப் பந்தய ஷூ மட்டும் வேணாம், தட்டையான அடி உள்ள ஷூ போடுங்க.

கேள்வி: அண்ணா, எனக்கு 17 வயசு, ஃபுட்பால் ஆடறேன். வெயிட் தூக்கினா ஸ்பீடு குறையும், உயரமும் நின்னுடும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, நிஜமா?

பதில்: இல்ல தம்பி, ரெண்டும் தப்பு. சரியான கோச் பக்கத்துல இருந்து சொல்லிக்கொடுத்தா வளர்ற வயசுல பண்றதுல உயரத்துக்கு ஒரு பாதிப்பும் இல்ல. ஸ்பீடுங்கறது குறைஞ்ச நேரத்துல தரைய எவ்ளோ பலமா தள்றீங்கங்கறதுதான், ஸ்குவாட்ல கால் பலம் ஏறினா அந்த தள்ளலும் ஏறும். ஆனா ஸ்குவாட் மட்டும் பண்ணிட்டு ஸ்பிரிண்ட் ஓடாம இருந்தா அந்த பலம் கிரவுண்டுக்கு வராது, ரெண்டும் சேந்து போகணும். முட்டிய லேசா மட்டும் மடக்கி, இடுப்ப பின்னாடி தள்ளி கம்பிய இறக்கி ஏத்தற ருமேனியன் டெட்லிஃப்ட்டும் சேத்துக்கோங்க, வேகமா ஓடறப்ப தொடை பின்பக்க தசைதான் அடிக்கடி கிழியும், அதுக்கு பலம் வேணும். சீசன்ல வாரம் ரெண்டு நாள் போதும், மேட்ச்சுக்கு முந்தின நாள் கனமா தூக்காதீங்க.

கேள்வி: அப்பாக்கு 66 வயசு, சேர்ல இருந்து எந்திரிக்கவே கைய ஊனறார். இந்த வயசுல இதெல்லாம் வேணுமா?

பதில்: கண்டிப்பா வேணும். 1990-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, முதியோர் இல்லத்துல இருந்த 90 வயச ஒட்டினவங்க எட்டு வாரம் மெஷின்ல கால் பயிற்சி பண்ணி, அவங்க பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு. உலக சுகாதார நிறுவனமும் 65 வயசுக்கு மேல உள்ளவங்க வாரம் ரெண்டு நாளாவது தசைக்கு பயிற்சி பண்ணணும்னுதான் சொல்லுது. டாக்டர பாத்துட்டு, முதல்ல கை ஊனாம உயரமான சேர்ல உக்காந்து எந்திரிக்க விடுங்க, அது சுலபமானா கொஞ்சம் உயரம் குறைங்க, கம்பியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

கேள்வி: தனியாத்தான் பெஞ்ச் பிரஸ் பண்றேன், பரவாயில்லையா?

பதில்: கம்பிய வைக்கற இரும்புச் சட்டம், அந்த ரேக்குக்குள்ள, கம்பி நழுவினா தாங்கற சேஃப்டி பின் போட்டுட்டு பண்ணுங்க, நெஞ்சு உயரத்துக்கு ஒரு பொட்டு கீழ. கட்டைவிரல் கம்பிய சுத்தி இருக்கணும். பின் இல்லாத இடம்னா பிளேட் நழுவாம பிடிக்கற கிளிப் மாட்டாதீங்க, கம்பிக்கு அடியில சிக்கிக்கிட்டா ஒரு பக்கமா சாய்ச்சு பிளேட்ட கொட்டிட்டு வெளிய வந்துடலாம்.