குளிர்கால எரிபொருள் உதவித்தொகை: மிச்சமான பணம் எங்கே போனது?

வணக்கம். 2024 குளிர்காலத்தில் பிரிட்டனில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு, முதியவர்கள் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள அரசு தரும் இந்த உதவித்தொகை நின்றுபோனது, மிச்சமான பணம் எங்கே என்று அரசுக்கு எழுதினால் மழுப்பலான பதில்தான் வந்தது என்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் குளிரில் என் அம்மா இரண்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு கிடையாது, அரசின் பொது நிதியில் கலந்துவிடும். தகவல் சுதந்திரச் சட்டத்தில் ஏற்கெனவே பதிவில் இருப்பதைத்தான் கேட்டு வாங்க முடியும். அதனால் எந்த ஆவணம், எந்த ஆண்டு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். நான் ஓர் அலுவலகத்துக்கு முதலில் ஒரு பக்கம் நிறையக் கேள்வி எழுதினேன். தேடும் செலவு வரம்பை மீறுகிறது என்று மறுத்துவிட்டார்கள். மூன்றே வரியில் கேட்டதும் கிடைத்தது.

பல முதியவர்களுக்கு இதை நிறுத்தும் முடிவின் மேல் நாடாளுமன்றம் வாக்களித்தது 2024 செப்டம்பர் 10. அந்த முடிவு யார் யாரை எப்படிப் பாதிக்கும் என்று அரசு செய்த சமத்துவ ஆய்வு வெளியே வந்தது அதற்குப் பிறகு, இப்படி ஒரு தகவல் கேட்பு மனுவால்தான். 50,000 முதியவர்கள் கூடுதலாக வறுமைக்குள் போவார்கள் என்ற அரசின் சொந்த மதிப்பீடு நவம்பரில் வந்தது. இரண்டையும் வாக்கெடுப்புக்கு முன்பே மக்கள் முன் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம், 2025 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டைத் தாண்டாத முதியவர்களுக்கு உதவித்தொகை மீண்டும் உண்டு. அப்பாவின் வங்கிக் கணக்கை ஒருமுறை பாருங்கள்.