யுஎஸ்பி மைக் கணினிக்குத் தெரிகிறது, குரல் மட்டும் பதிவாகவில்லை

கேள்வி: கானாடுகாத்தான் வீட்டில் அப்பத்தா பாடும் தாலாட்டுகளைப் பதிவுசெய்ய ராஸ்பெரி பை 3 என்ற கையடக்கச் சிறு கணினியில் யுஎஸ்பி மைக் மாட்டியிருக்கிறேன். யுஎஸ்பியில் மாட்டிய சாதனங்களைக் காட்டும் ‘எல்எஸ்யுஎஸ்பி’ (lsusb) பட்டியலில் மைக் வருகிறது. ஆனால் ஒலியைப் பதிவுசெய்யும் ‘ஏரெக்கார்ட்’ (arecord) கட்டளை கொடுத்தால் அப்படியொரு சாதனமே இல்லை என்கிறது. நண்பர் ஏதோ சேர்த்துக் கொடுத்ததில் ஒருமுறை பதிவானது. கேட்டால் ஒரே கரகரப்பு. மைக்கை மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பட்டியலில் பெயர் வருவதால் யுஎஸ்பி இணைப்பு சரியாகவே இருக்கிறது. தவறு பெரும்பாலும் கட்டளையில்தான். ராஸ்பெரி பையில் உள்ள 3.5 மி.மீ. துளை ஒலியை வெளியே அனுப்ப மட்டுமே பயன்படும், உள்ளே வாங்காது. நீங்கள் எந்தச் சாதனம் என்று குறிப்பிடாதபோது ‘ஏரெக்கார்ட்’ வழக்கமாக 0 என்ற எண்ணுள்ள அந்தச் சொந்த ஒலி அட்டையையே தேடிப்போய், அங்கே பதிவுசெய்யும் வழி இல்லாததால் பிழை காட்டித் திரும்புகிறது. கட்டளையுடன் ஒரு சிறு கோடும் சிறிய ‘எல்’ எழுத்தும் சேர்த்துக் கொடுங்கள். பதிவுசெய்யக்கூடிய அட்டைகளும் அவற்றின் எண்ணும் பெயரும் வரும். கணினியை அணைத்துப் போடும்போது எண் மாறக்கூடும் என்பதால், பெயரைச் சொல்லி அழைப்பதே நல்லது.

கரகரப்புக்கு வருகிறேன். வேறெதுவும் சொல்லாவிட்டால் ‘ஏரெக்கார்ட்’ 8 பிட் அளவில், நொடிக்கு 8,000 மாதிரிகள் (ஒலியை அளந்து குறிக்கும் புள்ளிகள்) மட்டுமே எடுக்கும். முதியவர்களின் மெல்லிய குரல் அதில் நைந்துபோகும். மைக் ஏற்காத அளவைக் கேட்டால் ‘எச்டபிள்யூ’ (hw) என்ற நேரடி வழி மறுத்துவிடும். ‘பிளக்எச்டபிள்யூ’ (plughw) என்ற வழி தானாகவே மாற்றிக் கொடுக்கும். ஆகவே ‘பிளக்எச்டபிள்யூ’ வழியில் 16 பிட், 48,000 மாதிரிகள், ஒற்றைத் தடம் என்று மூன்றையும் எழுதியே கொடுங்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 346 எம்பி இடம் போதும்.

அடுத்து ஒலி அளவுகளைச் சரிசெய்யும் ‘அல்சாமிக்சர்’ (alsamixer) நிரலைத் திறந்து, எஃப்6 விசையில் மைக்கைத் தேர்ந்து, எஃப்4 விசையில் ஒலிவாங்கும் அளவைச் சரிசெய்யுங்கள். அங்கே தானியங்கி ஒலிப்பெருக்கம் இருந்தால் அணைத்துவிடுங்கள்; அப்பத்தா அடுத்த அடிக்கு மூச்சு வாங்கும் இடைவெளியில் மின்விசிறி இரைச்சலை அது தூக்கிவிடும்.

பாதியில் மைக் காணாமல் போனால் மட்டும் மின்சாரத்தைப் பாருங்கள். பை 3க்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். பழைய கைப்பேசி சார்ஜரும் மெல்லிய நீண்ட கேபிளும் ஒத்துவராது. மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறி தோன்றும்.

இன்னொன்று, இது கணினியைச் சேர்ந்ததல்ல. ஆத்தங்குடிக் கல் (தரை ஓடு) பாவிய வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், சுவரும் தரையும் குரலை எதிரொலிக்கும். பாயும் துணிமணியும் உள்ள சிறிய அறையில் அப்பத்தாவை உட்காரவைத்து, மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். முதலில் பத்து நொடி மட்டும் பதிவுசெய்து, ஹெட்போனில் கேட்டுவிட்டு, பிறகு பாடச் சொல்லுங்கள்.